அம்மானின் கறுப்புக் கண்ணாடி

‘கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்’ என்பது நம்மவர் வாயில் நாளும் புழங்கும் பழமொழி. காலந் தாழ்த்திக் காரியம் செய்வோரை இடித்துரைக்க அதனைச் சொல்வார்கள். கண்ணையும் சூரியனையும் ஒன்றாகச் சேர்த்து வைத்த அந்த மொழியை, அதன் நேர்ப்பொருளிலேயே எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை சில ஆண்டுகளின் முன் எமக்கு நேர்ந்தது. ஒரு கறுப்புக் கண்ணாடியை வாங்கப் போய் நாம் செய்த பிழையும், அதனால் நாம் கற்றுக்கொண்ட பாடமுமே இக்கட்டுரை.

புளியங்கூடல் என்ற பெயரைக் கேட்டவுடன் நிழல்தான் எவர்க்கும் நினைவுக்கு வரும். வேலணைத் தீவிலே, ஊர்காவற்றுறைக்குப் போகும் வழியில் உள்ள அந்த ஊர் எமது தாயாரின் ஊர். நிழலும் அங்கு உண்டு. ஆனால் வெயிலே மிகுதி. சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய போர்வைபோல மண். முற்றங்களிலே வெண்மணல். ஓங்கி நிற்கும் பனைகளோ நண்பகலில் தம் காலடியில் ஒரு வட்ட நிழலை மாத்திரமே விழவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும், மறுபடி ஆவணியிலும் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்குச் சூரியன் வந்துவிடுகின்றது. அந்நாள்களில் முற்றத்தில் இறங்குபவர் யாராயினும் கையைப் புருவத்துக்குமேல் வைத்துக்கொண்டே இறங்குவர்.

எமது அம்மான் அந்த ஊரிலே புகையிலைத் தோட்டம் செய்பவர். அறுபது ஆண்டு வெயிலை முகத்தில் வாங்கியவர். அவருடைய வலக் கண்ணிலே, மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி ஒரு மெல்லிய சதை இறக்கைபோலப் படரத் தொடங்கியிருந்தது. வைத்தியர்கள் இதனை ‘டெரிஜியம்’ என்பர். வெயிலிலும் தூசியிலும் காற்றிலும் நெடுங்காலம் உழைப்போர்க்கு இது வருவது அதிகம். “இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை. வெளியே போகும்போது நல்ல வெயிற் கண்ணாடி போடுங்கள்” என்று கண் வைத்தியர் சொல்லியனுப்பினார்.

அம்மான் சிரித்துவிட்டார். “தம்பி, நான் உந்தக் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு மண்வெட்டியும் பிடிச்சால் ஊர்ச்சனம் என்ன சொல்லும்? படம் பிடிக்க வந்த நடிகன் எண்டெல்லோ நினைக்கும்!” என்றார். எமது ஊர்களிலே கறுப்புக் கண்ணாடிக்குரியவர் மூவரே. சினிமா நடிகர் ஒருவர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் ஒருவர். கண்ணிற் சத்திரசிகிச்சை செய்து கொண்டவர் மற்றவர். தோட்டக்காரனுக்கு அது ஆகாது என்பது எழுதாத சட்டம்.

அவரை இணங்க வைத்து, நாமே வாங்கித் தருவதாகப் பொறுப்பேற்றோம். கடையிலே பலவகைகளை முன்னே பரப்பினார்கள். சில இலேசானவை, கையில் எடுத்தால் விளையாட்டுப் பொருள்போல இருந்தன. ஒன்று மட்டும் பாரமாக, குளிர்ந்ததாக, தட்டினால் ‘டிங்’ என்று ஒலிப்பதாக இருந்தது. அசற் கண்ணாடி வில்லை. ‘அம்மானுக்குப் பிளாஸ்டிக்கா வாங்குவது?’ என்று எமது பெருமை எம்மைக் கேட்டது. பாரத்தைத் தரம் என்று கொண்டோம். அணிபவர் என்ன வேலை செய்பவர் என்று கடைக்காரரிடம் நாம் சொல்லவும் இல்லை. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று கேட்கவும் இல்லை.

அம்மான் அதை விரும்பி அணிந்தார். ஐப்பசி மழைக்கு முன் வேலியடைப்பு வந்தது. புதிய கதியால் நடுவதற்குக் குழி தோண்ட வேண்டும். புளியங்கூடலிற் குழி தோண்டுவதென்றால் கல்லை உடைப்பதென்றே பொருள். அலவாங்கை ஓங்கிக் குத்தியபோது தெறித்த கற்சில்லு ஒன்று கண்ணாடியின் வலப்பக்க வில்லையைத் தாக்கியது. வில்லை உடைந்தது. உடைந்த துண்டொன்று புருவத்தின் கீழ் ஆழமாகக் கிழித்தது. நான்கு தையல். கண் தப்பியது.

இரவிலே தொலைபேசியில் அம்மான் எம்மைத் தேற்றினார். “தம்பி, நீ தந்த கண்ணாடிதான் என்ரை கண்ணைக் காப்பாத்தினது. அது இல்லாட்டில் கல்லு நேரே கண்ணுக்கை போயிருக்கும்.” பெரிய மனம் படைத்தவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் தையல் போட்ட வைத்தியர் மறுநாள் மச்சானிடம் சொன்னது வேறு. “கல்லு வில்லையோடு நின்றது ஓர் அதிர்ஷ்டம். கண்ணாடித் துண்டு புருவத்தோடு நின்றது இன்னோர் அதிர்ஷ்டம். இரண்டையும் திரும்ப எதிர்பார்க்க வேண்டாம்” என்றாராம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. விலை கொடுத்து ஓர் ஆபத்தை வாங்கி, அதை அன்பளிப்பென்று அம்மானின் மூக்கில் ஏற்றி வைத்தோமே என்ற எண்ணமே எம்மை வருத்தியது.

அதன் பின்னரே வில்லைகளைப் பற்றி விசாரிக்கலானோம். கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே சுருக்கித் தருகின்றோம்.

கண்ணாடியை முதலிற் சொல்லவேண்டும். அது பழையது, பழிக்கத் தக்கதன்று. கண்ணைக் காக்கும் கண்ணாடியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஆங்கில விஞ்ஞானி வில்லியம் குறூக்ஸ். உலைக்களத்திலே கண்ணாடி காய்ச்சும் தொழிலாளர்க்குக் கண்புரை வருவதைத் தடுப்பதற்காக, சீரியம் முதலிய பொருள்களைக் கலந்து பலவகைக் கண்ணாடிகளைச் செய்து பார்த்து, 1913ஆம் ஆண்டிலே தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். கண்ணாடி வில்லையின் சிறப்பு இரண்டு. அதனூடே காட்சி மிகத் தெளிவாய் இருக்கும். மணலோ துணியோ அதன்மேல் எளிதிற் கீறல் இடமாட்டா. குறையும் இரண்டு. ஒன்று பாரம். ஒரு கன சென்ரிமீற்றர் கண்ணாடியின் நிறை ஏறத்தாழ இரண்டரைக் கிராம். மற்றது, எதிர்பாராத அடிபட்டால் உடைந்து கூரிய துண்டுகளாகும் இயல்பு. பதப்படுத்தி வலுவூட்டிய கண்ணாடியும் உண்டு. ஆயினும் அலவாங்கு பிடிப்பவர்க்கு அது ஏற்றதாகாது.

அடுத்தது ‘சீ. ஆர். 39’ என்னும் பிளாஸ்டிக். கொலம்பியா றெசின் என்ற வரிசையில் முப்பத்தொன்பதாவது கலவை என்பதே பெயரின் பொருள். 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே உருவானது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்களின் எரிபொருள் தாங்கிகளை அமைக்கப் பயன்பட்ட இப்பொருள், போர் முடிந்தபின் 1947இல் கலிபோர்னியாவிலே மூக்குக் கண்ணாடி வில்லையாயிற்று. நிறை கண்ணாடியிற் பாதியளவே. காட்சித் தெளிவில் கண்ணாடிக்கு அருகே நிற்பது. சாயத்தை நன்றாக ஏற்கும். ஆகவே பார்வைக் குறைக்கு அணியும் ‘பவர்’ வில்லையையே வேண்டிய நிறத்தில் ஆக்கிக்கொள்ளலாம். கண்ணாடியைவிட அடியைத் தாங்கும். கண்ணாடியைவிடக் கீறலும் படும்.

மூன்றாவது பொலிகார்பனேற்று. 1953ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் ஹேர்மன் ஷ்நெல் என்பவரும், அமெரிக்காவில் டானியல் பொக்ஸ் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே தனித்தனியே கண்டுபிடித்த பொருள் இது. ஓங்கி அடித்தாலும் இலகுவில் உடையாமல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதே இதன் பெருஞ்சிறப்பு. தொழிற்சாலைகளில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடிகளும், விளையாட்டு வீரர் அணிபவையும் பெரும்பாலும் இதனாலேயே ஆனவை. இதற்கும் குறைகள் உண்டு. மேற்பூச்சு இல்லையேல் விரைவிற் கீறல் விழும். வெள்ளொளியை நிறங்களாகப் பிரித்துச் சிதறச் செய்யும் தன்மையும் சற்று அதிகம். அக்குறை எவ்வளவு குறைவோ அவ்வளவு உயர்ந்திருப்பது ‘ஆபே எண்’. கண்ணாடிக்கும் சீ. ஆர். 39க்கும் அது 58 அளவில் இருக்க, பொலிகார்பனேற்றுக்கு 30 மாத்திரமே. பவர் மிகுந்த வில்லையின் ஓரத்தாற் பார்ப்போர்க்கு இதனால் நிறக்கோடுகள் தோன்றலாம். பவர் இல்லாத வெயிற் கண்ணாடியில் பெரும்பாலோர்க்கு அது புலப்படாது.

2001ஆம் ஆண்டில் ‘ட்ரைவெக்ஸ்’ என்ற வேறொரு பொருளும் வந்தது. உறுதியிற் பொலிகார்பனேற்றை ஒத்தது. ஆபே எண் 43க்கு மேல். நிறையோ அதனினும் குறைவு. விலைதான் சற்று அதிகம். தெருவோரங்களில் மிக மலிவாகக் கிடைப்பவை பல ‘அக்ரிலிக்’ என்னும் வகையைச் சேர்ந்தவை. இவை வெப்பத்திலே வளையக்கூடியவை.

மாணவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் எளிய கணக்கு: சீ. ஆர். 39இல் 10 கிராம் நிறையுள்ள ஒரு வில்லையை, அதே வடிவிலும் தடிப்பிலும் கண்ணாடியிற் செய்தால் ஏறத்தாழ 19 கிராம்; பொலிகார்பனேற்றிற் செய்தால் 9 கிராம். காலை தொடங்கி மாலை வரை மூக்கின்மேல் இருக்கும் பொருளுக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

இனி, எம்மைப்போலப் பலரும் மயங்கும் ஒரு விஷயம் உண்டு. கறுப்பாய் இருந்தாற் காக்கும் என்று நாம் நினைத்திருந்தோம். கண்ணைக் கூசச் செய்வது ஒளி. நெடுங்காலத்திற் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். பாடநூல்களிலே இதனைக் கழியூதா என்றும் படித்திருப்பீர்கள். வில்லையின் நிறம் ஒளியைக் குறைக்கும். புற ஊதாவைத் தடுப்பது வில்லையின் பொருளும், அதிற் சேர்த்த கலவையும், பூச்சுமே. சாதாரணக் கண்ணாடி இக்கதிர்களிற் கொடிய ஒரு பகுதியைத் தடுத்தாலும், நீண்ட அலைகளை உடைய பகுதியிற் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். சீ. ஆர். 39 இன்னும் சிறிது தடுக்கும். முழுக் காப்புக்கு அதற்குத் தனிக் கலவை வேண்டும். பொலிகார்பனேற்றோ 380 நானோமீற்றர் வரையுள்ளவற்றைத் தன் இயல்பினாலேயே தடுத்துவிடுகின்றது. காப்பில்லாத கடுங்கறுப்பு வில்லையை அணிந்தால், இருட்டென்று எண்ணிக் கண்ணின் பாவை விரிகின்றது. விரிந்த வாயிலினூடே கதிர்கள் உட்புகுகின்றன. ஆகவே ‘யூ. வி. 400’ என்ற குறிப்பு உண்டா என்று பார்ப்பதே முதற்காரியம். மங்கலான நிறத்திலும், ஏன், நிறமே இல்லாத வில்லையிலுங்கூட இக்காப்பு இருக்கலாம்.

வெயில் கண்ணைக் கெடுக்கும் என்பது வெறும் அச்சுறுத்தல்தானா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடாவிலே நண்டும் சிப்பியும் பிடித்து வாழும் 838 கடற்றொழிலாளரின் கண்களை மருத்துவர்கள் பரிசோதித்து, ஒவ்வொருவரும் வாழ்நாளில் எவ்வளவு வெயில் பட்டார் என்பதையும் கணக்கிட்டனர். 1988இல் வெளியான அந்த ஆய்வு, புற ஊதா ‘பீ’ வகைக் கதிர் மிகுதியாகப் பட்டவர்க்குக் கண்வில்லையின் புறப்பகுதியில் உண்டாகும் கண்புரை கூடுதலாக வந்ததைக் காட்டியது. நடுப்பகுதியில் உண்டாகும் கண்புரைக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அச்செய்தியைப் படித்தபோது செசப்பீக் எமக்குத் தொலைவாகத் தோன்றவில்லை. மண்டைதீவு முதல் நெடுந்தீவு வரை ஆழமற்ற கடலிலே தொழில் செய்யும் மக்களின் முகங்களே கண்முன் வந்தன.

இவ்வளவும் அறிந்தபின் மறுபடி கடைக்குச் சென்றோம். இம்முறை இருவருக்கு வாங்க வேண்டியிருந்தது. அம்மானுக்கு, பக்கங்களையும் மூடி நிற்கும் பொலிகார்பனேற்று வேலைக் கண்ணாடி, சாம்பல் நிறத்தில். விலையோ முன்னர் வாங்கிய பாரக் கண்ணாடியிலும் குறைவு! எமது பெருமைக்கு அது நல்ல தண்டனை.

மற்றையவர் அம்மானின் மகன், எமது மச்சான். அவர் நாள்தோறும் மோட்டார்ச் சைக்கிளில் யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குப் போகின்றவர். காலையிலே கிழக்கு நோக்கிப் போகையில் சூரியன் எதிரே. மாலையிலே மேற்கு நோக்கித் திரும்புகையிலும் சூரியன் எதிரே. தீவார் அனைவர்க்கும் இயற்கை விதித்த வரி இது! பண்ணைக் கடலை ஊடறுக்கும் வீதியில், இருமருங்கும் நீர் பளபளத்து எழும் கூசல் வேறு. அவருக்கு முனைவாக்கிய வில்லை வாங்கினோம். நீரிலே பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைத்தளத்திலேயே அதிர்வது. நிலைக்குத்தாக அதிரும் ஒளியை மாத்திரம் விடும் மெல்லிய தகடொன்றை வில்லையிற் சேர்த்தால் அந்தக் கூசல் அடங்கிவிடும். எட்வின் லாண்ட் என்ற அமெரிக்கர் 1929இல் அமைத்த போலராய்டுத் தகட்டிலிருந்து வந்த முறை இது. நீர்மேற் கூசல் நீங்குவதால், ஆழமற்ற கடலின் அடித்தளமும் மீனுங்கூடத் தெரியும். ஆதலாற் கடற்றொழிலாளர்க்கும் இது மிக உகந்தது. கூசலை அடக்குவது வேறு, புற ஊதாவைத் தடுப்பது வேறு என்பதை மட்டும் மறத்தலாகாது. இரண்டும் உண்டா என்று கேட்டே வாங்கவேண்டும்.

கறுமையின் அளவுக்கும் 0 முதல் 4 வரை வகுப்புகள் உண்டு. எமது வெயிலுக்கு 3 போதும். அது ஒளியில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை உள்ளே விடும். 4 ஆம் வகுப்பை அணிந்து வாகனம் ஓட்டலாகாது. கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடித்து, அதனூடே கதவு நிலையின் நேர்கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசைத்தோம். கோடு நெளிந்தால் வில்லை செம்மையாக அமையவில்லை என்பது பொருள். நெளியவில்லை, வாங்கினோம்.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டையும் கொடுத்தோம். அம்மான் அணிந்து பார்த்து, “பாரமே தெரியேல்லை” என்றார். சால்வைத் தலைப்பால் துடைக்கப் போனவரைத் தடுத்து, முதலில் நீரிலே மணலைக் கழுவிவிட்டு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றும்படி சொல்லிக்கொடுத்தோம். எமது கடன் தீர்ந்ததென்ற நிம்மதியோடு முற்றத்தைப் பார்த்தோம்.

அங்கே மாமி நின்றார். பனங்கிழங்கைக் கிழித்துப் பாயிலே ஒடியலுக்குப் பரப்பிக்கொண்டிருந்தார். மேலே வெயில்; கீழே வெண்மணல். உலர்ந்த கடற்கரை மணல் தன்மேற் படும் புற ஊதாவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை மேல்நோக்கித் திருப்பிவிடும் என்று சில நாள்களின் முன்தான் படித்திருந்தோம். மாமி ஒரு கையைப் புருவத்துக்குமேல் வைத்து, மறு கையாற் கிழங்கைப் பரப்பிக்கொண்டிருந்தார். மூக்கிலே வெகுநாளாக அணிந்துவரும் பவர்க் கண்ணாடி.

எத்தனை தையில் அவரை இதே முற்றத்தில் இதே கோலத்திற் கண்டிருக்கின்றோம்! ஆவணியிலே பினாட்டு ஊற்றிக் காயவிடும்போதும், புகையிலையைப் புரட்டும்போதும், வைக்கோல் உதறும்போதும் அவர் வெயிலிலேயே நின்றவர். அம்மானுக்கும் மச்சானுக்கும் எது பொருந்தும் என்று வாரக்கணக்கில் ஆராய்ந்த எமக்கு, வெயிலுக்கு ஆண் பெண் வேறுபாடில்லை என்பது அதுவரை தோன்றவே இல்லை.

“மாமி, உங்களுக்கும் ஒன்று வாங்கவேணும்” என்றோம்.

“எனக்கேன் தம்பி உதெல்லாம்? நான் வெளியாலை எங்கை போறன்?” என்றார், நிமிராமலே.

முற்றத்தை அவர் வெளியென்று ஒருபோதும் எண்ணியதில்லை. எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போனோம். கண்ணைப் பரிசோதித்துப் புதிய பவர் எழுதுவித்தோம். அவர் அலவாங்கு பிடிப்பவர் அல்லர். கடல்வீதியில் வாகனம் ஓட்டுபவரும் அல்லர். கிழங்கில் ஒட்டியுள்ள மண்ணைக் காணும் தெளிவும், மூக்கை அழுத்தாத இலேசும், புற ஊதாக் காப்புமே அவருக்கு வேண்டியவை. ஆகவே அவருடைய பவரிலேயே, சாம்பற் சாயம் ஏற்றிய சீ. ஆர். 39 வில்லை, காப்புக் கலவையோடு. வீட்டினுள் அணியப் பழைய சட்டத்திலே வெள்ளை வில்லை ஒன்றும்.

வெயிலில் உழைப்பவர்க்குக் கறுப்புக் கண்ணாடி ஒரு பகட்டன்று. மண்வெட்டியும் செருப்பும் போல அதுவும் ஒரு கருவியே. கருவியை வாங்குபவன், அதைப் பிடிக்கப்போகும் கையைப் பார்த்து வாங்கவேண்டும். அகன்ற விளிம்புள்ள ஓலைத் தொப்பியொன்றும் தலையில் இருந்தால் இன்னும் நன்று.

அம்மானின் பழைய கண்ணாடி இன்றும் திண்ணைச் சுவரில் ஓர் ஆணியிலே தொங்குகின்றது. ஒரு பக்கம் வில்லை. மறுபக்கம் வெறும் சட்டம். எறிந்துவிடும்படி நாம் பலமுறை கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை. மாமியோ இப்போது ஒடியல் காயவைக்க முற்றத்தில் இறங்கும்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடியோடுதான் இறங்குகின்றார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அயல்வீட்டுப் பெண்கள் முதலிற் சிரித்தார்களாம். “சிரிச்சால் சிரிக்கட்டும் தம்பி. இப்ப எனக்குக் கையை மறைப்புக்கு வைக்கத் தேவையில்லை, ரெண்டு கையாலும் வேலை செய்யிறன்” என்றார்.